கண்ணாடியில் ஒட்டிய பொட்டு

இந்தக் காலத்தில் யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை. பெண்பிள்ளை எதிரே வந்தால் நெற்றியைப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுத்தான் வாம்மா என்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். பேருந்தில், ரேஷன் கடையில், கோயில் வரிசையில், எங்கே போனாலும் இதே கூத்து. மரியாதை கெட்ட ஜனங்கள்.

நலப்பொட்டு வந்த பிறகு வந்த புத்தி இது. பார்வைக்குச் சாதாரண ஸ்டிக்கர் பொட்டுதான். உள்ளே என்னமோ வைத்திருக்கிறார்கள். நெற்றி வேர்வையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் மோந்து பார்த்து, வயிற்றுக்குள் மாசா மாசம் முட்டை ஒழுங்காக வெளியே வருகிறதா என்று சொல்லிவிடுமாம். ஒழுங்காக இருந்தால் குங்குமச் சிவப்பு. நீர்க்கட்டி, அதுதான் பிசிஓஎஸ் என்கிறார்களே, அது இருக்கிறது என்று அதற்குத் தோன்றினால் சாயம் போன துணி மாதிரி வெளுத்துவிடும். ஒவ்வொரு பொட்டுக்கும் ஒரு பேர். போனில் பேரைப் பதிந்தால் அந்தப் பொட்டு சொல்வதெல்லாம் அந்தப் பேரில் போய்ச் சேரும். அந்தக் கணக்கைப் பார்த்து அந்தப் பேருக்காரியின் போன், அவள் நெற்றியில் எந்தப் பொட்டு இருந்தாலும் அதற்கு நிறத்தைத் திருப்பி அனுப்பும். பசை போனால் வேறு பசை தடவி வருஷக்கணக்காக ஒட்டிக்கொள்ளலாம்.

போன் பார்க்கத் தெரியாத பெண்களுக்கும் புரியட்டும் என்றுதான் நிறம் வைத்தோம் என்றார்கள் கம்பெனிக்காரர்கள். பொம்பளைக்குத் தன் நெற்றி எங்கே தெரிகிறது? ஊருக்குத்தான் தெரிகிறது.

நான் ஐந்தாவதோடு நின்றவன். நாமக்கல் பக்கத்தில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் தீவனம் போட்டே கிழவன் ஆனவன். கோழி முட்டையிடுகிறதா இல்லையா என்று கொண்டையைப் பார்த்தால் போதும். சிவந்து நிமிர்ந்திருந்தால் கூண்டில் இருக்கும். வெளுத்துச் சுருங்கினால் கறிக்கடை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். முதன்முதலாக ஒரு பெண்ணின் நெற்றியில் அந்தப் பொட்டு வெளுத்துப்போய் இருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கோழிக்கொண்டைதான் ஞாபகம் வந்தது. வண்டி எங்கே நிற்கிறது என்று ஒரு கணம் தேடினேன்.

என் தங்கை வளர்மதியின் வீடு ராசிபுரம் போகிற ரோட்டில் இருக்கிறது. புருஷன் இல்லை. மகன் கோகுல், அவன் பெண்டாட்டி சுகந்தி, கல்யாணத்துக்கு நிற்கிற மகள் சௌபர்ணிகா. இந்தப் பேர் என் வாயில் நுழையாது. நான் பர்ணி என்பேன்.

பர்ணிக்கு மாப்பிள்ளை பார்த்து நிச்சயமும் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளை மாதேஷ் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான். அவன் அண்ணன் சிபிதான் எங்கள் பக்கத்துக்கு நலப்பொட்டு சப்ளை செய்கிற ஏஜென்ட். அந்த வீட்டில் ஜாதகம் கேட்பதற்கு முன்னால் பொட்டு என்ன நிறம் என்று கேட்டார்கள். பர்ணியின் பொட்டு நல்ல சிவப்பு. வளர்மதி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தாள்.

நிச்சயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது போன் செய்தாள்.

"ஏனுங்ணா, வண்டிய எடுத்துட்டுக் கொஞ்சம் வாங்க. பர்ணிக்கு ஒடம்பு செரியில்ல. ஆருகிட்டயும் சொல்ல வேண்டாம்."

பண்ணையை விட்டு வரும்போது வாங்கிய பழைய மினி வேன் என்னிடம் இருக்கிறது. போனேன். பர்ணி கட்டிலில் சுருண்டு கிடந்தாள். முகம் சுண்ணாம்பு மாதிரி. நெற்றியில் மட்டும் பொட்டு ஜோராகச் சிவந்திருந்தது.

"என்ன கண்ணு?"

"நிக்கவே மாட்டேங்குது மாமா. ஒரு வாரமா."

எதைச் சொல்கிறாள் என்று புரிந்தது. வளர்மதி குறுக்கே புகுந்தாள்.

"ஒண்ணுமில்லீங்ணா. சூடு. பொட்டு செவப்பாத்தான இருக்குது? பெருசா எதாச்சும்னா அது காட்டிராதா?"

"அப்பறம் என்னை எதுக்குக் கூப்பிட்ட?"

அடுப்படியில் சுகந்தி நின்றுகொண்டு கொள்ளுக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் எல்லோருக்கும் சோறு, அவளுக்கு மட்டும் கஞ்சி. கல்யாணமாகி இரண்டு வருஷம், பிள்ளையில்லை, பொட்டு வெளுத்துக் கிடக்கிறது. பொட்டுக் கம்பெனி சொன்ன மாத்திரை, பொட்டுக் கம்பெனி சொன்ன பத்தியம். ஆள் பாதியாகியிருந்தாள். கோகுல் அவளோடு பேசுவதைக் குறைத்துவிட்டான் என்று ஊரே சொன்னது.

"பெரியப்பா, டீ வெக்கட்டுங்களா?" என்றாள்.

"நீ மொதல்ல சோறு தின்னு" என்றேன்.

"அவளுக்குச் சோறு ஆகாதுங்ணா" என்றாள் வளர்மதி. "மாசமானா ஒழுங்கா வருதுன்னு பொய்யி வேற சொல்லுவா. நெத்தி அப்பட்டமாக் காட்டுது, வாய் மட்டும் ஒத்துக்காது."

சுகந்தி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பர்ணியை வேனில் உட்கார வைத்து அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால் மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்தி போய்விடும் என்பது வளர்மதியின் பயம். எனக்கு இரண்டின் மேலும் நம்பிக்கை கிடையாது.

பெண்கள் பிரிவில் டாக்டர் மும்தாஜ் இருந்தார். தலை நரைத்த அம்மா. என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு முதலில் பர்ணியோடு தனியாகப் பேசினார். பிறகு ரத்தம் எடுத்தார்கள். வயிறு நிறையத் தண்ணீர் குடிக்க வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். மத்தியானத்துக்கு மேல் எல்லா ரிசல்ட்டும் வந்ததும் என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

"ஐயா, உக்காருங்க. உங்க மருமகளுக்கு பிசிஓஎஸ் இருக்கு."

"பொட்டு செவப்பா இருக்குதுங்களே?"

"அதை அப்புறம் பார்ப்போம். முதல்ல பொண்ணைப் பார்ப்போம். மூணு விஷயம் பார்க்கணும். ஒண்ணு, மாதவிடாய் ஒழுங்கா வருதா? இவளுக்கு மாசக்கணக்கா வரல. ரெண்டு, ஆம்பளைகளுக்கு அதிகமா இருக்கற ஹார்மோன் இவ உடம்புல கூடியிருக்கா? கூடியிருக்கு. தாடையில முடி வருது, பார்லர்ல போய் எடுத்துக்கிட்டிருக்கா. மூணு, ஸ்கேன்ல சினைப்பை எப்படி இருக்கு? சின்னச் சின்னக் குமிழியா நிறைய இருக்கு. இதுல ரெண்டு இருந்தாலே போதும், இவளுக்கு மூணும் இருக்கு. தைராய்டு மாதிரி வேற கோளாறால வரலைன்னும் பார்த்தாச்சு."

"கட்டின்னா ஆபரேஷனுங்களா?"

"கட்டியே இல்லைங்க. பேர்தான் அப்படி வெச்சுட்டாங்க. வெளிய வர வேண்டிய முட்டை வராம நின்னுபோச்சு, அவ்வளவுதான். மாசா மாசம் கழிய வேண்டியது கழியாம உள்ளேயே தடிச்சு, இப்ப ஒரேயடியா இறங்குது. விட்டா ரத்தம் குறைஞ்சுடும். சர்க்கரை வரலாம். இன்னும் பல வருஷம் விட்டா கர்ப்பப்பைக்கே ஆபத்து. ஆனா மாத்திரை இருக்கு, சாப்பாடு, நடை இருக்கு. குழந்தையும் பெத்துக்கலாம். பயப்பட ஒண்ணுமில்ல, கவனிக்காம விடறதுதான் பயம்."

பர்ணி அழவில்லை. பெரிய மூட்டையை இறக்கி வைத்தவள் மாதிரி மூச்சு விட்டாள்.

"ஒடம்புல என்னமோ ஆகுதுன்னு எனக்குத் தெரியும் டாக்டர். அம்மாகிட்டச் சொன்னேன். பொட்டு செவப்பா இருக்குது, நீயா நெனச்சுக்கறன்னாங்க. கொஞ்ச நாள்ல எனக்கே அப்படித்தான் போலன்னு ஆயிருச்சு."

டாக்டர் அவள் பொட்டின் கணக்கைத் திரையில் திறந்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"உன் பேர்ல வந்திருக்கற கணக்குப்படி மாசம் தவறாம வந்திருக்கே? பொங்கல் சமயத்துல வந்துச்சா?"

"இல்லீங் டாக்டர். கார்த்திகைல வந்தது. அப்பறம் இப்பத்தான்."

"பொங்கலன்னைக்கேன்னு காட்டுதும்மா."

பர்ணியின் கை தானாக நெற்றிக்குப் போயிற்று.

"பொங்கலன்னைக்கு அண்ணிக்குத்தானுங்க. தூரம்னு அவங்களைப் பொங்கப்பானைகிட்ட விடல. கொல்லையில தனியா உக்கார வெச்சுக் கஞ்சி ஊத்திக் குடுத்தோம்."

பொங்கலன்று நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். சுகந்தி கொல்லையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவளுக்குத் தூரம் என்று தள்ளி வைத்ததும் அதே வீடு. அவளுக்கு ஒழுங்காக வருவதில்லை என்று கஞ்சி ஊற்றியதும் அதே வீடு. ஒரு வீடு முழுக்க ஆட்கள் இருந்தும் இந்த இரண்டையும் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

"குளிக்கறப்போ பொட்டை எங்க வெப்பே?" என்று கேட்டார் டாக்டர்.

"கண்ணாடியில ஒட்டிருவேனுங்க. கொல்லைக் கதவுகிட்ட ஒரு கண்ணாடி இருக்குது. அண்ணியும் அதுலதான் ஒட்டுவாங்க."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கம்பெனியில இஞ்சினியருங்க நெறைய யோசிச்சிருப்பாங்க. எங்க வீட்டுப் பொம்பளைங்க பொட்டைக் கண்ணாடியில ஒட்டுவாங்கன்னு ஒருத்தனுக்கும் தோணல பாருங்க. ஐயா, அந்த அண்ணியை உடனே கூட்டிட்டு வாங்க. உன் பொட்டு அவங்க நெத்தியில, அவங்களோடது உன் நெத்தியில, கணக்கும் நிறமும் ஆள் மாறிப்போச்சு. அவங்க சாப்பிடற மாத்திரை உன் உடம்புக்கு வேண்டியதும்மா. அவங்களுக்கு என்ன வேணும்னு இதுவரைக்கும் யாரும் பார்க்கவே இல்ல. குழந்தை இல்லாததுக்கு உங்க அண்ணனையும் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லணும். அவருக்கு நெத்தியில எதுவும் ஒட்டலையே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பர்ணிக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கொல்லைக்குப் போனேன். கதவோரம் ரசம் போன கண்ணாடி. மதிய வெயிலுக்கு முகம் கழுவிய சுகந்தியின் பொட்டு ஓரத்தில் ஒட்டியிருந்தது, சாம்பல் நிறத்தில். சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டுப் பெண்கள் ஒட்டி ஒட்டி அந்த மாதிரி கண்ணாடிகளில் எத்தனை பொட்டுக் கறை பார்த்திருக்கிறேன். வளர்மதி பின்னாலேயே வந்தாள்.

"என்னங்ணா சொன்னாங்க?"

சொன்னேன். அவள் அதிர்ச்சி அடைவாள் என்று பார்த்தேன். அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வளரு. உனக்குத் தெரியுமா?"

"சத்தம் போடாதீங்ணா."

"தெரியுமான்னு கேட்டேன்."

"நான் மாத்தலீங்ணா. சாமி சத்தியமா நான் மாத்தல. சுகந்தி வந்த புதுசுல பர்ணி பொட்டு வெளுக்க ஆரம்பிச்சுது. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. அப்பறம் ஒருநாள் திடீர்னு பாத்தா பர்ணியோடது செவப்பு, அவளோடது வெளுப்பு. இந்தக் கண்ணாடியில தானா மாறிப்போச்சு. நான் திருப்பி வெக்கல. அவ்வளவுதான்."

"அப்பறம் ரெண்டு வருஷமா மாறாம இருந்துதா?"

"சோத்துக்கைப் பக்கம் பர்ணி ஒட்டு, பீச்சாங்கைப் பக்கம் அவ ஒட்டட்டும்னு சொன்னேன். கலந்துரக் கூடாதுல்ல."

கலந்துவிடக் கூடாதாம்.

"உன் மக கட்டில்ல ரத்தமாக் கெடந்தாளேடி! அவளுக்கு வைத்தியம் வேண்டாமா?"

"கண்ணாலம் முடிஞ்சு அவங்க வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கட்டுமுங்ணா. இப்ப வெளுத்தா ஆரு கட்டுவா? உங்களுக்குப் பொட்டப்புள்ள இல்ல. உங்களுக்குத் தெரியாது."

"சுகந்தியும் ஒரு வீட்டுப் பொட்டப்புள்ளதான்."

"அவளுக்குத்தான் கண்ணாலம் ஆயிருச்சே" என்றாள்.

நிச்சயத்துக்குள் சுகந்தியிடமும் கோகுலிடமும் நீயே சொல்லிவிடு, இல்லையென்றால் சபையில் நான் சொல்வேன் என்று வளர்மதியிடம் சொல்லிவிட்டு வந்தேன். பர்ணி மாத்திரை விழுங்க ஆரம்பித்தாள், தாய்க்குத் தெரிந்தும் தெரியாமலும். சுகந்தியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் கேட்டு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் அவளைக் கடைக்கு அனுப்பியிருக்கிறேன், அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று வளர்மதி வாசலிலேயே மறித்துவிட்டாள்.

நிச்சயத்தன்று வீட்டு வாசலில் பந்தல். சிவப்புச் சீரியல் லைட் பகலிலேயே எரிந்தது. பண்ணையில் நாங்களும் சிவப்பு பல்புதான் போடுவோம். ஒரு கோழிக்குக் காயம் பட்டு ரத்தம் தெரிந்தால் மற்றதெல்லாம் அதைக் கொத்தியே கொன்றுவிடும். சிவப்பு வெளிச்சத்தில் ரத்தம் தெரியாது. கொண்டை வெளுத்ததும் தெரியாது. அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தேன். அத்தனை நெற்றியும் ஒரே சிவப்பு. இதில் எத்தனை அவரவர் பொட்டு என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

பெண் பக்கத்துத் தட்டைத் தாய்மாமனாக நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். பர்ணி பட்டுச் சேலையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். குங்குமச் சிமிழை மறந்துவிட்டார்கள். அடுப்படியிலிருந்து சுகந்தி அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். மாப்பிள்ளையின் அத்தை மூக்கைச் சுளித்தாள்.

"வெளுத்த நெத்தியோட வர்றதப் பாரு. வேற ஆளே கெடைக்கலையா உங்களுக்கு?"

சுகந்தி அப்படியே நின்றுவிட்டாள். கோகுல் வேறு பக்கம் பார்த்தான். வளர்மதி மெல்ல அவள் கையிலிருந்து சிமிழைப் பிடுங்கினாள்.

நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"அந்த வெளுப்பு அந்தப் புள்ளையோடது இல்ல" என்றேன். "கண்ணாடியில பொட்டு மாறிப் போச்சு. ரெண்டு வருஷமா மாறியே இருக்குது. என் தங்கச்சிக்குத் தெரியும். சுகந்தி கொள்ளுக் கஞ்சியக் குடிச்சுட்டுக் கெடக்கறா, பர்ணி வைத்தியமில்லாமக் கெடந்தா. பெரியாஸ்பத்திரில டெஸ்ட் எடுத்தாச்சு."

வளர்மதி சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பர்ணி நிமிர்ந்து மாதேஷைப் பார்த்தாள்.

"ஆமாங்க. எனக்குத்தான் இருக்குது. மாத்திரை சாப்படறேன். சரியாகும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. உங்ககிட்ட நானே சொல்லோணும்னு இருந்தேன்."

மாதேஷ் தன் அண்ணனைப் பார்த்தான். பந்தலே சிபியைப் பார்த்தது. சண்டை வரும், செருப்பு பறக்கும் என்று நான் வேட்டியை மடித்துக் கட்டினேன்.

சிபி சிரித்தான்.

"மாமா சொல்றது நூத்துக்கு நூறு சரி. கழட்டற பொட்டுன்னா இப்படித்தான் ஆகும். நாமக்கல் பூரா இதே புகார்தான். காசுக்கு வாடகைக்கே விடறாங்களாம். அதனாலதான் கம்பெனில புதுசு எறக்கியிருக்காங்க." காரிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து திறந்தான். உள்ளே பச்சை குத்துகிற மிஷின் மாதிரி ஒன்று. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். "நெத்தியில தோலுக்குள்ள போயிரும். கழட்டவும் முடியாது, மாத்தவும் முடியாது. ஆளுக்கு ஒண்ணு, ஆயுசுக்கும். ரெண்டு பேரும் குத்திக்கட்டும். அப்பறம் தட்டு மாத்திக்கலாம். எங்களுக்கு ஒண்ணும் கோவமில்ல."

பந்தலில் எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். நல்ல மனுஷங்க, எவ்வளவு பெருந்தன்மை என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

"குத்திக்கயேன்" என்றான் மாதேஷ் பர்ணியிடம், தன்மையாகத்தான். "சரியாகறப்ப தானாச் செவக்கும்ல?"

பர்ணி நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதற்குள் சுகந்தி முன்னால் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வெளுத்த பொட்டை நெற்றியிலிருந்து உரித்துத் தரையில் போட்டாள்.

"எனக்கு மொதல்ல குத்துங்க."

நான் ஓடிப்போய் அவள் பக்கத்தில் குனிந்தேன்.

"வேண்டாங் கண்ணு. உனக்கு ஒண்ணுமில்லைன்னுதான் இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே. டாக்டரம்மாகிட்டப் போலாம். அவங்க உன்னைக் கேப்பாங்க. மனுஷன் கேக்கற மாதிரி கேப்பாங்க."

"வேண்டாமுங்க பெரியப்பா."

"நாளைக்கு அது தப்பாக் காட்டுனா? இத உரிச்சுப் போட்டாப்பல உரிக்க முடியுமா? தோலோட போயிருமே."

"தப்பாக் காட்டாதுங்க. எனக்கு ஒழுங்கா வருதுன்னு எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரிஞ்சாப் பத்தாதா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

"ரெண்டு வருஷமா எனக்குத் தெரியுமுங்க பெரியப்பா. நான் சொன்னேன். நீங்க யாராச்சும் நம்புனீங்களா? நீங்களும் சோறு தின்னுன்னுதான் சொன்னீங்க, ஒழுங்கா வருதான்னு ஒரு வார்த்தை கேக்கல. இது சொன்னா நம்புவீங்க."

சிபி மிஷினை அவள் நெற்றியில் வைத்தான். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அவள் கண்ணைக்கூட மூடவில்லை. பின்னால் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நிற்க ஆரம்பித்தார்கள், தங்களுக்கும் குத்துவீர்களா என்று கேட்டுக்கொண்டு. எழாமல் உட்கார்ந்திருந்த சில பேரின் முகம் அந்தச் சிவப்பு வெளிச்சத்திலும் வெளுத்தது.

"கண்ணு, வேன்ல இருக்கறேன்" என்று பர்ணியிடம் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டேன். அண்ணா அண்ணா என்று வளர்மதி கூப்பிட்டாள், தட்டை யார் எடுப்பது என்று. யாராவது எடுக்கட்டும். ஏமாற்ற முடியாத சாமான் என்று சொல்லித்தான் அந்தப் பழைய பொட்டையும் விற்றார்கள். இதையும் அப்படித்தான் சொல்கிறார்கள். சிவந்தாலும் சரி, வெளுத்தாலும் சரி, எனக்கு நம்பிக்கையில்லை.

பந்தலைத் தாண்டி நடந்தேன். பின்னால் மறுபடியும் டக்கென்று கேட்டது. யார் நெற்றி என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.